கோவலன் நாடகமும் பத்தர் வீட்டுக் கதவும்



போன மாதம் நான் போட்ட கழுகுமலைப் பதிவின் கீழே, 1990-களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சார், வகுப்புல எது காணாமப் போனாலும் நீங்க யார் பையையும் சோதிக்க மாட்டீங்க. எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பிட்டு, ஒவ்வொருத்தரா வெறும் வகுப்புக்குள்ள போயிட்டு வரச் சொல்வீங்க. கொஞ்ச நேரத்துல அந்தப் பொருள் மேஜை மேல இருக்கும். அது யார் சொல்லிக் கொடுத்த முறை?"

ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில்லை தம்பி. கோவலன் நாடகம் சொல்லிக் கொடுத்தது. நாடகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாலாட்டின்புத்தூருக்கு மேற்கே உள்ள ஒரு கரிசல் கிராமம். மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் கம்பும் சோளமும் உளுந்தும் வீட்டுக்கு வரும். பருத்தி எடுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போது பங்குனிப் பொங்கல். பொங்கல் என்றால் அம்மன் கோவில் முன்னால் நாடகம் உண்டு. எந்த நாடகம் என்பதில் பெரியவர்களுக்குள் ஒரு கூட்டமே நடக்கும். மழை நன்றாகப் பெய்த வருஷம் என்றால் வள்ளி திருமணம். பெய்யாத வருஷம் அரிச்சந்திரனோ கோவலனோ. அழுதால் அம்மன் இரங்குவாள் என்று ஒரு கணக்கு.

ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பதால் அந்தப் பெயர். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கித்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குப் பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனால், விடியும்வரை ஒரு பிசகில்லாமல் கதை ஓடும். சின்ன வயதில் எனக்கு இது மாயமாக இருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்தவர் நம் சீமைக்காரர், சங்கரதாஸ் சுவாமிகள்.

இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் 2019-இல் சினிமா நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியின் பெயராக வந்தது நினைவிருக்கலாம். ஆளைத் தெரிந்திருக்காது. 1867-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கரமான வேஷங்களாகக் கட்டினார். பிறகு வேஷத்தை விட்டு எழுத்துக்கும் பயிற்சிக்கும் வந்தார். பெரிய நடிகர்கள் மேடையில் பாடத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தர்க்கம் பண்ணுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் சிறுவர்களைச் சேர்த்து 1918-இல் மதுரையில் ஒரு பால சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். நாடகக் கம்பெனியில் அவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோய், 1922-இல் புதுச்சேரியில் காலமானார். இவ்வளவு வசனம் எழுதிய மனுஷனுக்குப் பேச்சு நின்றுபோனது என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

அவர் எழுதியவற்றில் கோவலன் நாடகம் ஒன்று. நீங்கள் என் வகுப்பில் படித்த சிலப்பதிகாரம் வேறு, எங்கள் ஊர் மேடையில் நடந்த கோவலன் வேறு. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தது 1892-இல். அதற்கு முன்பே ஊர் மக்களுக்குக் கோவலனைத் தெரியும். பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்திலும் அம்மன் கோவில் திண்ணையிலும் அவர்களுக்கு அறிமுகமானவன் அவன். கதைப் புத்தகத்தில் கண்ணகி பாண்டியனுக்கே பிறந்த பெண். இவளால் மதுரை அழியும் என்று சோதிடம் சொல்ல, பேழையில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். இளங்கோவின் மாதவி நல்லவள். பிரிந்த பின்னும் கடிதம் எழுதுகிறாள், கோவலன் கொலைப்பட்டது தெரிந்ததும் துறவு பூணுகிறாள். எங்கள் மேடை மாதவியோ கோவலனின் சொத்தைக் கரைத்துவிட்டு, அவன் புறப்பட்டால் கடன் பாக்கி கேட்டு மறிக்கிறவள். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எங்க ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "பொழுதன்னைக்கும் அங்கேயே கெடந்தவன் இவன். பழி மட்டும் அவளுக்கு" என்று முனகுவாள். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

காதல் நாடகம் என்று பெயர். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அழுதது காதல் பாட்டுக்கு இல்லை. சாப்பாட்டுக் காட்சிக்கு. மதுரைக்கு வெளியே ஆயர் குடிசையில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு இலை போடுகிறாள். அவன் சாப்பிட்டு எழுந்து சிலம்பை எடுத்துக்கொண்டு விற்கப் போகிறான். இளங்கோவும் இந்த இடத்தில் நிதானமாக நிற்கிறார். அந்தக் குடிசைக்காரி மாதரி கொடுத்த வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்கிறார். பழகாத கையால் காய் நறுக்கி விரல் சிவந்தது, அடுப்புப் புகையில் கண் சிவந்தது எல்லாம் வரும். சாப்பிட்ட பிறகுதான் கோவலன் தான் செய்த தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டு பேசுகிறான். அவளும் பதிலுக்கு, நீர் நடந்துகொண்டது சரியில்லைதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது அப்போதுதான். மிளகாய் வற்றலை மூட்டை கட்டி விடியற்காலம் கோவில்பட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விலை என்ன ஆச்சோ, ஆள் எப்போ வருவாரோ என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்கள் மனத்தில் நின்றது வேறு. அரண்மனையில் கண்ணகி பேசும் பேச்சு. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவனே என்று அரசனைக் கூப்பிட்டு, சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் பஞ்சாயத்து ஒருதலையாகப் போனால், தோற்றவன் எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "இது பாண்டியன் தீர்ப்பு" என்பான். கூட்டத்துக்கு அந்த மூன்று வார்த்தை போதும். தலைவரே கொஞ்சம் தயங்குவார். 1942-இல் வந்த 'கண்ணகி' படத்திலும் 1964-இல் வந்த 'பூம்புகார்' படத்திலும் ஜனங்கள் வழக்காடும் காட்சிக்காகவே காத்திருந்தார்கள்.

இந்த நாடகத்தின் ஒரு சொல்லைப் பற்றி நாடகக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். கண்ணகி மதுரையைப் பற்றிப் பாடும் ஒரு பாட்டில் சுவாமிகள் 'மாபாவியோர்' என்று ஒரு சொல் போட்டுவிட்டார். பெரும் பாவிகள் வாழும் மதுரை என்று பொருள். அதை மதுரையிலேயே மேடையேற்றினால் விடுவார்களா? சபையில் சலசலப்பு. எங்கள் ஊரையா பாவிகள் ஊர் என்கிறாய் என்று ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். சுவாமிகள் பதறாமல் வந்து சொல்லைப் பிரித்துக் காட்டினாராம். மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள். மூன்று தேவியரும் கூடி வாழும் மதுரை என்றல்லவா பாடியிருக்கிறேன் என்றாராம். கூட்டம் கைதட்டி உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கதையை வகுப்பில் உங்களுக்குச் சொல்லி நானும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அதில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஒரு பெரிய நகரம் கோபப்பட்டால் ஒரு சொல்லைப் பிரித்துப் பொருளையே மாற்றிவிட முடிகிறது. அதே நாடகத்தில் வருகிற பொற்கொல்லனுக்கு அப்படி யார் சொல்லைப் பிரித்துக் கொடுத்தார்கள்?

எங்கள் ஊரில் பத்தர் வீடு இரண்டே இரண்டு. கல்யாணம் என்றால் நல்ல நாள் பார்த்து அவர்கள் வீட்டில்தான் பொன்னுருக்குவோம். பிள்ளைக்குக் காது குத்துவது, ஆச்சிமார் காதில் ஆடும் பாம்படத்தைப் பூட்டுவது எல்லாம் அவர்கள் கை. தாலியை நம்பிக் கொடுத்துவிட்டு வருவோம். ஆனால் தாயின் பொன்னிலும் குன்றிமணி எடுப்பான் என்று ஒரு பழமொழியையும் கூடவே வைத்திருந்தோம். கோவலன் நாடகத்தில் அந்தத் தட்டானுக்கு வஞ்சிப்பத்தன் என்று பெயர். அரசியின் சிலம்பைத் தானே எடுத்துக்கொண்டு கோவலனைக் காட்டிக் கொடுப்பவன். அவன் மேடைக்கு வந்தாலே ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அன்று ராத்திரி மட்டும் இரண்டு பத்தர் வீடுகளிலும் கதவு சாத்தியிருக்கும். பொங்கல் வைக்க வருவார்கள், முளைப்பாரிக்கு வருவார்கள், நாடகத்துக்கு வர மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

1970 பங்குனி. நான் ஐந்தாம் வகுப்பு. என் பக்கத்தில் உட்காருகிறவன் பத்தர் வீட்டுப் பையன். பெயர் வேண்டாம், இதை அவன் படிப்பான். அந்த வருஷம் கோவலன் போட்டார்கள். விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தோம். முழித்திருந்தவர்கள் அவனுக்கு 'வஞ்சிப்பத்தன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மத்தியானம் வாத்தியாருடைய பவுண்டன் பேனா காணவில்லை. யார் எடுத்தது என்று பிரம்பைத் தட்டிக் கேட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். நான் எழுந்து, "ஐயா, வஞ்சிப்பத்தன்தான் மேஜைகிட்ட நின்னான்" என்றேன்.

அவன் நின்றது உண்மை. கரும்பலகை அழிக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார். அது எனக்கும் தெரியும். வகுப்புச் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். வகுப்பும் சிரித்தது. அவன் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். புத்தகமும் ஒரு வெல்லத் துண்டும் விழுந்தன. பேனா இல்லை. இல்லாவிட்டால் என்ன, எங்கோ ஒளித்துவிட்டான் என்று உள்ளங்கையில் ஆறு அடி. மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டு அட்டைக்குள் பேனா கிடந்தது. வாத்தியார் எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அவன் பெயர் வந்தபோது, "உள்ளேன் ஐயா" என்றான். அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தைப் பயிற்சிக் காலத்தில் ஒழுங்காகப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது எது என்று சொல்கிறேன். அரசன் விசாரிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஊடலில் போன அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஆனால் காவலர்கள் அப்படி இல்லை. கோவலனைப் பார்த்ததும், இவன் திருடன் மாதிரி தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன்தான் சிரித்துக்கொண்டே மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று திருடர்கள் கைக்கொள்ளும் எட்டு வகையைப் பிரசங்கம் பண்ணுகிறான். இன்னொருவன் தான் கண்ட ஒரு திருட்டுக் கதையைச் சொல்கிறான். இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குடித்துவிட்டு வந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகம் வந்த இடத்தில் யாராவது ஒருவர் கையைப் பிடித்திருந்தால் போதும். அந்தக் கூட்டத்தில் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். வாள் வீசியவனாக இருந்திருந்தால்கூடக் குடிவெறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் வகுப்பில் நடத்தியதில்லை, பாடத்தில் இல்லை என்று கடந்து போய்விட்டேன். பதிகத்தை அடுத்து உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மதுரை எரிந்த பிறகு பாண்டி நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். அப்போது கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்து விழா எடுத்தான், மழை பெய்தது, நாடு செழித்தது என்று வருகிறது. ஒரு பொற்கொல்லன் செய்ததற்கு ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? வரலாறோ கதையோ, எழுதி வைத்திருக்கிறார்கள். கொற்கை எங்கோ இல்லை. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கிறது. மழைக்காக ஒப்பாரி வைத்துக் கொடும்பாவி இழுத்த கரிசல்காரன் நான். மழை வந்தது என்ற அந்த வரியை என்னால் சந்தோஷமாகப் படிக்க முடியவில்லை. விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றார்கள் என்று முப்பது காதை அழுகிற நூலின் வாசலிலேயே இது நிற்கிறது.

பத்தர் வீட்டுக்கு அப்போது வேறு அடியும் விழுந்திருந்தது. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று ஆனது. மாற்றுக் குறைந்த பொன்னில் தாலி செய்து போட எந்தத் தாய் சம்மதிப்பாள்? நாடு முழுவதும் பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். பிறகு கொஞ்சம் தளர்த்தினாலும் 1968-இல் அது சட்டமாகவே வந்துவிட்டது. 1990-இல்தான் எடுத்தார்கள். அதே 1968-இல்தான் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். கையில் சிலம்போடு நிற்கிறாள். என் சிநேகிதன் வீட்டில் குமுட்டி அடுப்பு அணைந்து, அவன் அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். 1970 ஆனியில் குடும்பத்தோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டார்கள். பேனாவால்தான் போனார்கள் என்று சொன்னால் அது நான் என்னைப் பெரிய ஆளாக்கிக் கொள்வதாகும். பிழைப்புக்காகப் போனார்கள். ஆனால் போகும்போது வண்டியில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்தும் கையசைக்கவில்லை.

நான் 1980-இல் பயிற்சி முடித்து, பிறகு வேலையில் சேர்ந்து, முதன்முதலாக என் வகுப்பில் ஒரு காம்பஸ் பெட்டி காணாமல் போன அன்று, பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே பையன் பக்கம் திரும்பினார்கள். அவன் அப்பா என்ன தொழில் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று என் கையும் பிரம்புக்குப் போனது. அப்புறம்தான் எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். தனியாக உள்ளே போய்வா, நான் பார்க்க மாட்டேன் என்றேன். பெட்டி மேஜைக்கு வந்துவிட்டது. எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொருள் வராமல் போனதும் இரண்டு தடவை உண்டு. ஒரு தடவை குடை, ஒரு தடவை சில்லறை. நானே வாங்கிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் ஒருவர், "இப்படியே விட்டா திருடனை வளர்க்கிறீர்" என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. குடையை எடுத்தவன் யாரோ, அவனுக்கு நான் ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை.

சிநேகிதனை மறுபடி பார்த்தது 1996-இல், கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோவில் தேரோட்டத்தில். மெயின் ரோட்டில் சின்னதாக நகைக்கடை வைத்திருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் பேனா விஷயத்தை எடுத்தேன். அவனுக்கு மறந்திருக்கும் என்று உள்ளூர ஒரு நப்பாசை. "ஆறு அடி" என்றான். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. "அடி வலிக்கலடே. நீ அந்தப் பேரைச் சொன்ன பாரு, வீட்டுக்குப் போய் எங்கப்பாகிட்ட அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். அவரு பதில் சொல்லாமப் பட்டறைக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டாரு" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். டீ ஆறிவிட்டது, குடி என்றான்.

அதற்குப் பிறகு விசேஷங்களுக்கு வருவான், போவான். என் மூத்த மகள் தாலிக்கு அவன் வீட்டில்தான் பொன்னுருக்கினோம். போன பங்குனிப் பொங்கலுக்கும் ஊருக்கு வந்திருந்தான். கோவில் வாசலில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், நடிகர்கள் படமெல்லாம் போட்டு. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்ததால் என்னைக் கூப்பிட்டு, "என்ன நாடகம்னு வாசிச்சுச் சொல்லு வாத்தியாரே" என்றான்.

"வள்ளி திருமணம்" என்றேன்.

"அப்படின்னா இருந்து பார்த்துட்டுக் காலையில போறேன்" என்று சொல்லி, என் வீட்டுப் பாயில் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டான்.